லியோன் மேயர் எரியோ: பிரெஞ்சு அரசியல்வாதி ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்து வாசகசாலைகளில் சுவர் இதழுக்கும், தமிழ்வழிப் பள்ளிக் கண்காட்சிகளுக்கும், தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் அயல்நாட்டுத் தலைவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் உண்டு. பிரெஞ்சுத் தலைவர் என்று வரும்போது, குறிப்பாக இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட 1919–1939 காலத்து ஆள் என்றால், குறிப்பு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கோணிப்போகிறது. "முதலில் மேயர், பிறகு எம்.பி., பிறகு அமைச்சர், கடைசியில் பிரதமர்" என்று ஏணிப்படி போல எழுதிவிடுகிறார்கள். பிரான்சில் அரசியல் வாழ்க்கை அப்படி ஏறவில்லை. ஒரே ஆள் ஒரே நாளில் மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்தார். அதைச் சரியாகக் காட்டும் முறையை, லியோன் நகர மேயர் எதுவார் எரியோவை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறோம். மற்ற மேயர்களுக்கும் இதே முறைதான்.

முதல் வேலை: "மேயர்" என்ற சொல்லைச் சரிசெய்வது

கேரளத்தில் மேயர் என்றால் மாநகராட்சிக்கு மட்டும்தான். அவை ஆறே ஆறு. பாலக்காட்டுக்கே மேயர் கிடையாது, நகரசபைத் தலைவர்தான். அதனால் "மேயர்" என்று படித்ததும் பெரிய நகரம் மனத்தில் வந்து நிற்கிறது. பிரான்சில் ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு மேயர் உண்டு. கொம்யூன் என்பது முந்நூறு பேர் வாழும் மலைக் கிராமமாகவும் இருக்கலாம், மார்செய் போன்ற துறைமுக நகரமாகவும் இருக்கலாம். 1930களில் அப்படிச் சுமார் 38,000 கொம்யூன்கள். ஆகவே நீங்கள் எடுத்துக்கொண்டவர் எந்த ஊரின் மேயர், அந்த ஊரில் அப்போது எத்தனை பேர் என்பதை முதல் வரியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கிராமத்து மேயரை நம் பஞ்சாயத்துத் தலைவர் என்று நினைத்தால் பெரிய தவறில்லை.

நமக்கு நெருக்கமான உதாரணம் மாஹி. பிரெஞ்சு ஆட்சியில், சுமார் 9 சதுர கிலோமீட்டர் கொண்ட அந்தப் பகுதி முழுவதும் சேர்ந்து ஒரே கொம்யூனாக இருந்தது, அதற்கு ஒரு மேயர். ஆந்திரக் கரையில் யானாமும் அப்படியே. பிரெஞ்சிந்தியாவில் நகராட்சி முறையைக் கொண்டுவந்தது 1880ஆம் ஆண்டு ஆணை. புதுச்சேரிக்காரர்கள் நகராட்சிக் கட்டடத்தை இன்றும் "மேரி" என்கிறார்கள். மேயர் அலுவலகத்துக்கான பிரெஞ்சுச் சொல் அது. தமிழில் அந்தச் சொல் ஏற்கெனவே இருப்பதால் தயங்காமல் எடுத்தாளலாம்.

தேர்வுமுறை நமக்குப் பழக்கமானதுதான். நம் ஊரில் வார்டு உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பது போலவே, 1884 ஏப்ரல் 5 நகராட்சிச் சட்டப்படி உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரை ரகசிய வாக்கில் மேயர் ஆக்குகிறார்கள். முதல் இரண்டு சுற்றிலும் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். மூன்றாவது சுற்றில் அதிக வாக்குப் பெற்றவர் வென்றார். சமமானால் வயதில் மூத்தவர். ஆகவே "மக்கள் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தனர்" என்று எழுதாதீர்கள். "நகரசபை அவரை மேயராகத் தேர்ந்தது" என்பதே சரி.

இன்னொரு பொறி பாரிஸ். 1871 முதல் 1977 வரை பாரிசுக்கு மேயரே கிடையாது. நகரத்தை இரண்டு பிரெஃபெக்டுகள், அதாவது அரசு நியமித்த ஆட்சியர்கள், நிர்வகித்தார்கள். நகரசபைக்கு ஒரு தலைவர் இருந்தார், அவருக்கு நிர்வாக அதிகாரம் இல்லை. "1925இல் பாரிஸ் மேயராக இருந்தார்" என்று எங்காவது படித்தால் அந்த ஆதாரத்தையே தள்ளிவைக்கலாம். பாரிசின் ஒரு வட்டாரத்து மேயர் என்றால், அந்தக் காலத்தில் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்ல, அரசு நியமித்தவர்.

பட்டை வரைதல்

எழுத உட்காரும் முன் வரைய வேண்டும். கடையில் கிடைக்கும் சார்ட் பேப்பர் ஒன்று (ஏறக்குறைய 56 × 71 செ.மீ.), அடிக்கோல், நான்கு நிற ஸ்கெட்ச் பேனா. தாளைப் படுக்கைவாக்கில் வைத்து, ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு போடுங்கள். எரியோ 1872 ஜூலை 5 அன்று த்ருவா ஊரில் பிறந்து 1957 மார்ச் 26 அன்று இறந்தார். பிறப்பிலிருந்து தொடங்கினால் 85 செ.மீ. வேண்டும், தாள் போதாது. 1900இலிருந்து தொடங்குங்கள், 57 செ.மீ. போக இடப்பக்கம் பட்டையின் பெயர் எழுத இடம் மிஞ்சும். படிப்பும் ஆசிரியர் வேலையும் அரசியல் பட்டையில் வராது. அவற்றைத் தாளின் மூலையில் இரண்டு வரியாக எழுதினால் போதும்.

நான்கு பட்டைகள் வேண்டும், அடியிலிருந்து மேலாக. அடிப்பட்டை பச்சை, ஊராட்சி. அதன் மேல் நீலம், நாடாளுமன்றம். அதற்கு மேல் சிவப்பு, அமைச்சரவை. உச்சியில் பழுப்பு, அவைத்தலைமையும் கட்சித்தலைமையும்.

எரியோவுக்கு நிரப்புவோம். பச்சை: 1905இல், அதுவரை மேயராக இருந்த விக்தோர் ஒகாஞ்ஞர் மடகாஸ்கருக்கு ஆளுநராகப் போனபோது, 33 வயது எரியோ லியோன் மேயரானார். 1940இல் விஷி அரசு (ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றதும் மார்ஷல் பெத்தான் தலைமையில் அமைந்த அரசு) நீக்கும் வரை ஒரே கோடு. 1945இல் மறுபடி தொடங்கி, இறக்கும் நாள் வரை. நீலம்: 1912 முதல் 1919 வரை ரோன் மாவட்டச் செனட்டர், 1919 முதல் கீழவை உறுப்பினர், போருக்குப் பின் மீண்டும் உறுப்பினர். சிவப்பு: 1916 டிசம்பர் முதல் 1917 மார்ச் வரை பிரியான் அமைச்சரவையில் பொதுப்பணி, போக்குவரத்து, உணவு வழங்கல், 1924 ஜூன் முதல் 1925 ஏப்ரல் வரை பிரதமர், கூடவே வெளியுறவு, 1926 ஜூலையில் சில நாள் பிரதமர், உடனே புவங்கரே அரசில் 1928 நவம்பர் வரை கல்வி, 1932 ஜூன் முதல் டிசம்பர் வரை மூன்றாம் முறை பிரதமர், 1934 பிப்ரவரி முதல் 1936 ஜனவரி வரை துறையில்லாத அமைச்சர். பழுப்பு: 1919–1926 ரடிக்கல் கட்சித் தலைவர், 1925 ஏப்ரல் முதல் 1926 ஜூலை வரையும், 1936 முதல் 1940 வரையும் கீழவைத் தலைவர், 1947 முதல் 1954 வரை தேசிய அவைத் தலைவர் (போருக்குப் பின் கீழவையின் பெயர் தேசிய அவை).

1926 ஜூலையின் அந்த அரசு தாளில் மயிரிழைகூட வராது. அதற்குப் பட்டை போடாமல் சிவப்புப் புள்ளி வைத்துத் தேதியைப் பக்கத்தில் எழுதுங்கள். சிறியது என்று விட்டுவிடக் கூடாது. பிரெஞ்சு நாணயமான பிராங்க் சரிந்துகொண்டிருந்த நேரத்தில் சேமிப்பாளர்களின் நம்பிக்கை எரியோவிடம் இல்லை என்பதை அந்தப் புள்ளிதான் காட்டுகிறது.

இப்போது அடிக்கோலை 1924 டிசம்பர் மேல் செங்குத்தாக வையுங்கள். லியோன் மேயர், ரோன் உறுப்பினர், பிரதமர், வெளியுறவு அமைச்சர், கட்சித் தலைவர்: ஒரே கோட்டில் ஐந்து. நம் நாட்டில் நாடாளுமன்றத்துக்கும் சட்டப்பேரவைக்கும் ஒருவரே வென்றால் 14 நாளுக்குள் ஒன்றை விட வேண்டும். அந்தப் பழக்கத்தில், ஆதாரம் எங்கும் சொல்லாமலே "மேயர் பதவியைத் துறந்து" என்று கை தானாக எழுதிவிடும். பிரான்சில் அன்று ஒன்றாக வகிக்க முடியாதவை சில மட்டும்தான். செனட்டும் கீழவையும் சேராது. அதனால்தான் எரியோவின் நீலப்பட்டையில் 1919இல் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது. பிரெஃபெக்ட் போன்ற அரசுப் பணியும் உறுப்பினர் பதவியும் சேராது. மற்றபடி அடுக்கிக்கொள்ளலாம். "மேயர்–உறுப்பினர்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பிரெஞ்சு வழக்கே இருந்தது.

சிவப்பு துண்டு துண்டாகக் கிடக்கிறது, பச்சை ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்றாம் குடியரசில் (1870–1940 காலத்து பிரெஞ்சு ஆட்சிமுறை) அமைச்சரவைகள் பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் நின்றன. கவிழ்ந்தவர் வீட்டுக்குப் போகவில்லை, தன் மேரிக்குத் திரும்பினார். அங்கிருந்துதான் அடுத்த தேர்தலும் அடுத்த அமைச்சரவையும். உங்கள் குறிப்பில் நகரத்துக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தால், அது ஆளின் பாதியை விட்ட குறிப்பு.

தேதிகள் ஏன் முரண்படுகின்றன

இந்தப் பகுதியில்தான் நேரம் போகும். இரண்டு ஆதாரம் இரண்டு தேதி சொன்னால் ஒன்று பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் இரண்டும் வெவ்வேறு நிகழ்வைச் சொல்கின்றன.

அரசு தோற்ற நாளும் அடுத்த அரசு பொறுப்பேற்ற நாளும் வேறு. எரியோவின் முதல் அரசு 1925 ஏப்ரல் 10 அன்று செனட்டில் தோற்றது; அடுத்த பிரதமர் பன்லவே பொறுப்பேற்றது ஏப்ரல் 17. இடைப்பட்ட ஒரு வாரம் பழைய அரசே அன்றாட வேலையைப் பார்த்தது. 1932இலும் இப்படியே: அமெரிக்காவுக்கான போர்க்கடன் தவணையைச் செலுத்த வேண்டும் என்று நின்று டிசம்பர் 14 அன்று அவையில் தோற்றார், அடுத்த அரசு டிசம்பர் 18. எந்த விதியைப் பின்பற்றினாலும் குறிப்பு முழுவதும் ஒரே விதியைப் பின்பற்றுங்கள். "வீழ்ந்தது" என்றால் முதல் தேதி, "பதவியில் இருந்தது" என்றால் இரண்டாவது.

பொதுத்தேர்தல் 1919இலும் 1924இலும் மாவட்டப் பட்டியல் முறை. 1928 முதல் தனித்தொகுதி, இரண்டு சுற்று. 1928 ஏப்ரல் 22, 29. 1932 மே 1, 8. 1936 ஏப்ரல் 26, மே 3. முதல் சுற்றிலேயே வென்றாரா, இரண்டாவதிலா என்று பார்க்காமல் தேதி போடாதீர்கள். பட்டியல் முறையில் "ரோன்" என்று மாவட்டப் பெயர் மட்டும் இருக்கும். 1928க்குப் பிறகு தொகுதி எண் சேரும். ஆள் இடம் மாறவில்லை, முறைதான் மாறியது.

அவையின் காலம் தேர்தல் நாளில் தொடங்கவில்லை. அன்று அது ஜூன் 1இல் தொடங்கி மே 31இல் முடிந்தது. 1936இல் வென்ற எல்லோருக்கும் முடிவுத் தேதி 1942 மே 31 என்று இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். 1939 ஜூலையில் ஓர் அரசாணை அவையின் ஆயுளை இரண்டாண்டு நீட்டியது. 1940 ஜூலைக்குப் பிறகு அவை கூடவே இல்லை, பதவி மட்டும் தாளில் ஓடியது. "1942 வரை நாடாளுமன்றத்தில் பணியாற்றினார்" என்று எழுதினால் அது தவறு.

நகரசபைத் தேர்தல்கள்: 1919 இறுதி, 1925 மே, 1929 மே, 1935 மே. 1929 வரை நான்காண்டுக் காலம், அந்த ஆண்டுச் சட்டம் ஆறாக்கியது. போரினால் 1919 தேர்தல் தள்ளிப்போனதை நினைவில் வையுங்கள். இவை அல்லாத ஆண்டில் ஒருவர் மேயராகியிருந்தால் காரணம் தேடுங்கள்: முன்னவர் இறந்தாரா, விலகினாரா, நீக்கப்பட்டாரா.

செய்தித்தாளை வைத்துத் தேதி பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். "ல தான்" மாலைப் பத்திரிகை. மறுநாள் தேதியிட்டு வெளிவந்தது. 11ஆம் தேதி இதழில் "இன்று" என்றிருந்தால் அது 10.

வயதுக் கணக்கும் போட்டுப் பாருங்கள். அன்று கீழவைக்கு 25, செனட்டுக்கு 40 வயது நிறைந்திருக்க வேண்டும். எரியோவுக்கு 40 நிறைந்தது 1912 ஜூலையில். 1912இன் முற்பகுதியில் செனட்டர் ஆனார் என்று எங்காவது இருந்தால் சந்தேகப்படுங்கள்.

"தலைவர்" என்ற சொல்லின் குழப்பம்

பிரெஞ்சில் "பிரெசிதான்" என்று தொடங்கும் பதவிகள் பல. "பிரெசிதான் து கொன்செய்" என்றால் அமைச்சரவைத் தலைவர், அதாவது பிரதமர். இதைக் குடியரசுத் தலைவர் என்று பெயர்ப்பது அடிக்கடி நடக்கிறது. கீழவையின் பிரெசிதான் நம் மக்களவைச் சபாநாயகருக்கு இணை. மாவட்ட மன்றத்துக்கும் ஒரு பிரெசிதான் உண்டு. எரியோ முதலிரண்டும் வகித்தார், குடியரசுத் தலைவராக ஒருபோதும் இருக்கவில்லை. துணை அமைச்சர்களை "அரசுத் துணைச் செயலர்" என்ற பெயரில் காண்பீர்கள். அவர்கள் நம் தலைமைச் செயலக அதிகாரிகள் அல்லர், அரசியல்வாதிகள்தான். பிரெஃபெக்டை மாவட்ட ஆட்சியர் என்று சொல்லி நகரலாம்.

கட்சிப் பெயரை மொழிபெயர்க்கும்போது

எரியோவின் ரடிக்கல்–சோசலிஸ்ட் கட்சி, பெயரைப் போல் தீவிரமும் இல்லை, சமவுடைமையும் இல்லை. சிறு நிலமும் சிறு கடையும் வைத்திருந்தவர்கள், ஆசிரியர்கள், மதச்சார்பற்ற பள்ளியை உயிராகக் கருதியவர்கள் நடத்திய, இடதுக்கும் வலதுக்கும் நடுவே நின்ற கட்சி அது. "தீவிர சோசலிசக் கட்சி" என்று பெயர்த்தால் கொல்லங்கோட்டு வாசகர் கம்யூனிஸ்ட் என்றே எடுத்துக்கொள்வார். பெயரை அப்படியே வைத்து, ஒரு வரி விளக்கம் கொடுங்கள். "இடதுசாரிக் குடியரசினர்" என்ற அவைக்குழு உண்மையில் நடு–வலது. செனட்டில் "ஜனநாயக இடது" என்றால் ரடிக்கல்கள். கட்சி வேறு, அவைக்குழு வேறு. இரண்டையும் தனித்தனியே குறியுங்கள்.

ஆண்டையும் பாருங்கள். சோசலிஸ்ட் கட்சி 1920 டிசம்பரில் தூர் மாநாட்டில் பிளந்து கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தது. 1933இல் மறுபடி ஒரு பிளவு. போர்தோ மேயர் அத்ரியன் மார்க்கே அதில் வெளியேறி, பின்னாளில் விஷி அரசில் உள்துறை அமைச்சரானார். 1931இல் சன்-தெனி மேயரான ழாக் தொரியோ கம்யூனிஸ்டாகத் தொடங்கி ஃபாசிசக் கட்சித் தலைவராக முடிந்தார். இவர்களுக்கு ஒரே கட்சிப்பெயரைத் தலைப்பில் போட முடியாது. ஆண்டோடு சேர்த்தே போட வேண்டும்.

ஊர்ப்பெயர், ஆள்பெயர்

நம் சித்தூரையும் ஆந்திரத்துச் சித்தூரையும் ஒன்றாக்கிவிடும் குறிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் அதே கதை: பாரிஸ் அருகே ஒரு சன்-தெனி, ரெயூனியன் தீவில் ஒரு சன்-தெனி. மாவட்டப் பெயர் சேர்க்காமல் ஊரைக் குறிக்காதீர்கள்.

பெயரை ஆங்கில வாசிப்பில் எழுதினால் "ஹெர்ரியட்", "லயன்ஸ்" என்றாகும். பிரெஞ்சில் தொடக்க ஹகரமும் கடைசி டகரமும் ஒலிப்பதில்லை: எரியோ. ஊர் லியோன். லீல் மேயர் ரொஜே சலாங்ரோ, சுரேன் மேயர் ஆன்ரி செலியே. இணையத்தில் தேடும்போது மட்டும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை மேற்குறிகளோடு நகலெடுத்து ஒட்டுங்கள்.

எங்கே தேடுவது

மொழி தெரியாவிட்டாலும் இவ்வளவு பார்க்க முடியும். பிரெஞ்சுத் தேசிய அவையின் "சிகோமோர்" தரவுத்தளத்தில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் பக்கம் உண்டு. பதவித் தேதி, தொகுதி, அவைக்குழு எல்லாம் வரிசையாக இருக்கும். செனட்டர்களுக்குச் செனட்டின் தளம். இடதுசாரி, தொழிற்சங்க ஆட்களுக்கு "மைத்ரோன்" விரிவானது. லெஜியோன் தொன்னர் விருது பெற்றவரானால் "லெயோனோர்" தளத்தில் கோப்பு கிடைக்கும். அதில் பெரும்பாலும் பிறப்புச் சான்று நகல் இருக்கும். பழைய பத்திரிகைகளுக்குத் தேசிய நூலகத்தின் "காலிகா". இவற்றுள் நாடாளுமன்றத் தளங்கள் நாடாளுமன்றத் தேதிக்கு நம்பகமானவை, மேயர் தேதிக்கு அவ்வளவு இல்லை. மேயர் தேதியை அந்த நகரத்தின் அல்லது மாவட்டத்தின் ஆவணக்காப்பகத் தளத்தில் ஒத்துப்பாருங்கள். வீட்டில் அச்சுப்பொறி இல்லாதவர்கள் கோப்பை அக்ஷயா மையத்தில் எடுக்கலாம்; பக்கம் பக்கமாக எடுக்காமல் பட்டைக்குத் தேவையான தேதிப் பகுதியை மட்டும் எடுங்கள்.

நகரத்தில் என்ன செய்தார்

மேயரின் வேலையை எழுதும்போது கட்டடத்தைக் காட்டி "இவர் கட்டினார்" என்பது எளிது. திட்டம், அடித்தளம், திறப்பு மூன்றையும் பிரித்தால்தான் உண்மை தெரியும். லியோனில் எரியோ கட்டடக் கலைஞர் தோனி கார்னியேயை நம்பி வேலை கொடுத்தார். லா மூஷ் இறைச்சிக்கூடத்தின் பெரும் மண்டபம் 1914 கண்காட்சிக்குப் பயன்பட்டது, போரில் ஆயுதச்சாலையானது, இறைச்சிக்கூடமாக வேலை தொடங்கியது 1928இல்தான். கிராஞ்ச்-பிளான்ஷ் மருத்துவமனை போருக்கு முன்னே திட்டமிடப்பட்டு 1933இல் திறந்தது. இருபதாண்டு இழுத்த வேலையை ஓர் ஆண்டில் அடைத்தால், நீண்ட மேயர் பதவி எதற்குப் பயன்பட்டது என்பது வாசகருக்குத் தெரியாமலே போகும்.

எது மேயரின் முடிவு, எது நாட்டுச் சட்டத்தின் கட்டாயம் என்றும் பிரிக்க வேண்டும். 1919 மார்ச் 14 சட்டம் 10,000 பேருக்கு மேற்பட்ட நகரங்களை நகரத்திட்டம் வகுக்கச் சொன்னது. 1928 ஜூலை 13 லூஷேர் சட்டம் ஐந்தாண்டில் 2,60,000 வீடுகளுக்கு அரசு உதவி வகுத்தது. 1929இல் ஒரு மேயர் மலிவு வாடகை வீடு கட்டத் தொடங்கினால் அதில் இந்தச் சட்டத்தின் பணம் இருக்கக்கூடும். சுரேனில் செலியே அதற்கு முன்பிருந்தே தோட்டநகரம் கட்டிக்கொண்டிருந்தார் என்றால் அந்தப் பெருமை அவருக்குத் தனியே சேர வேண்டும்.

1940 ஜூலை 10

இந்தத் தலைமுறையைச் சேர்ந்த எந்த உறுப்பினரின் குறிப்பிலும் இந்த நாள் இல்லாமல் இருக்கக் கூடாது. விஷி நகரில் கூடிய இரு அவைகளும் பெத்தானுக்கு முழு அதிகாரம் கொடுத்தன: ஆதரவு 569, எதிர்ப்பு 80. உங்கள் ஆள் எந்தப் பக்கம், வாக்களிக்காமல் இருந்தாரா, வரவே இல்லையா என்பதைச் சிகோமோரில் பார்த்து ஒரு வரி எழுதுங்கள். எரியோ அவைத்தலைவராக இருந்தும் ஆதரிக்கவில்லை, எதிர்த்தும் போடவில்லை; விலகி நின்றார். அதை "எதிர்த்தார்" என்று உயர்த்திவிட வேண்டாம். பின்னால் அவர் செய்தவை அவருக்குப் போதும்: 1942இல் கைதாகி, பிறகு ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டு, 1945இல் சோவியத் படை வந்தபோது விடுதலையானார்.

பச்சைப் பட்டையிலும் இதன் தடம் விழும். 1940 நவம்பர் 16 சட்டப்படி 2,000 பேருக்கு மேற்பட்ட ஊர்களில் மேயர்கள் நியமனமானார்கள். ஆகவே 1941இல் ஒருவர் மேயர் என்றால் தேர்தலில் வந்தவரா, நியமிக்கப்பட்டவரா, முன்பிருந்தவரையே விட்டுவைத்தார்களா என்று எழுதுங்கள். பச்சைக்குள் அந்த ஆண்டுகளுக்குச் சாய்கோடு போட்டால் பார்த்ததும் தெரியும். ஆதரவு வாக்குப் போட்டவர்களுக்கு 1944க்குப் பிறகு தேர்தலில் நிற்கத் தடை இருந்தது. தடை நீக்கப்பட்டவர்களும் உண்டு. 1945க்குப் பின் பட்டை வெறுமையாக இருந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

எழுதும் வரிசை

600 சொல் குறிப்பானால், பிறப்பும் படிப்பும் 60 சொல்லுக்குள். நகரத்துக்கு 200. நாடாளுமன்றமும் அமைச்சரவையும் சேர்த்து 200. 1940க்கும் அதன் பின்னுக்கும் 100. மீதி முதல் பத்திக்கு. முதல் வாக்கியத்திலேயே பதவிகள் ஒன்றோடொன்று ஓடியதைக் காட்டிவிடுங்கள்:

"எதுவார் எரியோ (1872–1957), 1905 முதல், விஷி ஆட்சிக்கால இடைவெளி நீங்கலாக, இறக்கும்வரை லியோன் மேயராக இருந்தார், அந்தப் பதவியில் இருந்தபடியே 1924, 1926, 1932 ஆண்டுகளில் மூன்றுமுறை பிரான்சின் பிரதமரானார்."

"இருந்தபடியே" என்ற ஒரு சொல்தான் ஏணியை உடைக்கிறது. எழுதி முடித்ததும் குறிப்பில் "பிறகு", "பின்னர்", "அதைத் தொடர்ந்து" வரும் இடங்களை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றையும் சார்ட்டோடு ஒப்பிடுங்கள். கீழ்ப்பட்டை அந்த இடத்தில் முடியவில்லை என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு "கூடவே" என்று போடுங்கள். சுவர் இதழானால் சார்ட்டையும் குறிப்பின் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம். பட்டைகளுக்குப் பெயரும் ஆண்டும் எழுதியிருந்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் படித்துக்கொள்ளும்.